ஆறு ஆண்டுப் பாடம்

மேய்ச்சல் வெளியில் சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. கழுத்தும் தலையும் முன்னால் நீண்டிருப்பதால் வந்த அமைப்பு அது. முதுகில் ஒருவர் ஏறி உட்கார்ந்ததும் முன்பாரம் இன்னும் கூடிவிடும். பழக்கமில்லாத குதிரை தடுமாறும், கடிவாளத்தின் மேல் சாயும், திரும்பச் சொன்னால் தாமதிக்கும். டிரெஸ்ஸாஜ் என்ற பெயரில் ஐரோப்பாவில் வளர்ந்த குதிரைப் பயிற்சிக் கலை முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வளர்ந்தது. முன்னால் விழும் பாரத்தைப் பின்னங்கால்களுக்கு மாற்ற வேண்டும். பின்னங்கால்கள் மடங்கித் தாங்கினால் முன்பகுதி தானாக எழும். அப்படிப் பழகிய குதிரையைத் திருப்ப, சவாரி செய்பவர் விரலை அசைத்தாலே போதும்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. தசையும் மூட்டும் வலுப்பெறும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஒன்று. வலி கொடுத்து வளைப்பது மற்றொன்று. எந்த வழி சரியென்று இந்தக் கலையில் முழுதாக எஞ்சியிருக்கும் மிகப் பழைய கிரேக்க நூலிலேயே பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் நிலைபெறுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

அந்த நூலை எழுதியவர் ஏதென்ஸ் நகரத்து செனபோன். சாக்ரடீஸிடம் பழகியவர். கி.மு. 401-இல் பாரசீகத்துக்குள் கூலிப்படையாகப் போய்த் தலைவர்களை இழந்து நின்ற பத்தாயிரம் கிரேக்க வீரர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருவர். குதிரையின் நலமே தன் உயிர்நலம் என்று போர்க்களத்தில் அறிந்தவர். அவர் காலத்துக் கிரேக்கர்களிடம் அங்கவடி கிடையாது. மரச்சட்டம் வைத்த சேணமும் கிடையாது. வெறும் முதுகிலோ ஒரு துணிவிரிப்பின் மேலோதான் உட்கார்ந்தார்கள். அந்நிலையில் குதிரையோடு சண்டை போட்டு வெல்ல முடியாது. கோபத்தோடு குதிரையை நெருங்கவே கூடாது என்பது செனபோன் வகுத்த விதி. குதிரை எதையாவது கண்டு மிரண்டால் அடிக்கக் கூடாது, அந்தப் பொருளின் அருகே மெல்ல அழைத்துப்போய்ப் பழக்க வேண்டும் என்றார். சாட்டையால் அடித்தும் முள்ளால் குத்தியும் ஆடவைத்த நடனக்காரனிடம் அழகு வராது, குதிரையும் அப்படித்தான் என்று வாதிட்டார். தனக்கு முன்பே குதிரையேற்றம் பற்றி எழுதிய சைமன் என்பவரையும் மரியாதையோடு குறிப்பிடுகிறார். சைமனின் நூலில் இன்று எஞ்சியிருப்பது சில பகுதிகள்தான்.

பிறகு நீண்ட இடைவெளி. இடைக்கால ஐரோப்பாவின் கவசம் பூண்ட வீரனுக்கு வேண்டியது நேர்கோட்டில் மோதும் வேகம். பழைய கலை மறுபடி தலைகாட்டியது 16-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில். அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த அந்நகரில் நல்ல குதிரைகளும் ஓய்வுள்ள பிரபுக்களும் சேர்ந்திருந்தார்கள். ஃபெடரிகோ கிரிசோனே என்ற பிரபு 1550-இல் வெளியிட்ட நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டது. அதில் குதிரையைத் தட்டிக் கொடுக்கவும் சொல்கிறார், இனிய குரலில் பேசவும் சொல்கிறார். ஆனால் முரண்டு பிடிக்கும் குதிரைக்கு அவர் எழுதிய மருந்துகளைப் படித்தால் நெஞ்சு பதறும். வாலுக்கு அடியில் முள்ளம்பன்றி வகைச் சிறு பிராணியைக் கட்டுவது, உயிருள்ள பூனையைக் கழியில் கட்டிப் பின்னங்கால்களுக்கு நடுவே நீட்டுவது, பின்னால் தீ மூட்டுவது. நாள்பட்டால் தானாக வரவேண்டிய பணிவை அன்றைக்கே பெற்றுவிட நினைத்தவர்களின் உத்திகள் அவை. இந்த வரலாறு நெடுகிலும் கொடுமை நுழைந்த இடங்களில் எல்லாம் அவசரம்தான் முன்னால் வந்து கதவைத் திறந்திருக்கிறது.

நேப்பிள்ஸிலேயே பின்யதெல்லி என்ற இன்னொரு ஆசிரியர் இருந்தார். அவரிடம் சிறுவயதில் பாடம் கேட்கப் போன பிரெஞ்சுக்காரர் அந்துவான் த ப்ளுவினெல். ஊர் திரும்பி மன்னர்களுக்கு ஊழியம் செய்த ப்ளுவினெல், 1594-இல் பாரிஸில் ஒரு கழகம் தொடங்கினார். பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றத்தோடு வாள்வீச்சு, நடனம், கணிதம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. பின்னாளில் பிரான்ஸையே ஆட்டிவைத்த ரிஷெலியூ அங்கே படித்தவர். பதின்மூன்றாம் லூயி மன்னருக்கும் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர் ப்ளுவினெல்தான். குருவும் அரசனும் உரையாடும் வடிவில் அமைந்த அவரது நூல், அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து 1623-இல் வந்தது. குதிரையின் காலைவிட மூளைக்கு அதிக வேலை கொடுங்கள், அடியில் கஞ்சத்தனமும் அன்பில் தாராளமும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு தூண்களுக்கு நடுவே குதிரையைக் கயிற்றால் நிறுத்தி, நின்ற இடத்திலேயே கால்மாற்றிக் காலெடுத்து வைக்கப் பழக்கும் முறையும் அவரால் பரவியது. ஒவ்வொரு குதிரையின் குணமும் வேறு, எனவே எல்லாவற்றுக்கும் ஒரே பாடம் ஆகாது என்பதையும் அவர் விடாமல் சொன்னார்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று தோற்று, நாடு கடந்து ஆன்ட்வெர்ப்பில் ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டில் குடியிருந்தபடி குதிரைகளைப் பழக்கிய வில்லியம் கேவென்டிஷ் 1658-இல் எழுதிய நூலும் இந்த வரிசையில் வருவது. குதிரையை வட்டத்தில் உள்பக்கம் வளைத்து நடத்தும் அவரது பயிற்சி அடுத்த தலைமுறையில் ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் முழுமை அடைந்தது.

அவர் ஃபிரான்ஸுவா ரோபிஷோன் த லா கெரினியேர். 1730 முதல் பாரிஸின் துயிலரி அரண்மனைக் குதிரைப்பள்ளிக்குத் தலைவர். அவரது நூல் 1733-இல் முழு வடிவில் வெளிவந்தது. கேவென்டிஷ் வட்டத்தில் செய்ததைக் கெரினியேர் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தார். சுவரை ஒட்டி நடக்கும் குதிரையின் தோள்களைச் சற்றே உள்ளே திருப்பி, அதே வளைவோடு முன்னேறச் செய்ய வேண்டும். அப்போது உள்பக்கப் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் ஆழமாக எட்டிவைத்தே தீர வேண்டும். அந்தக் காலின் மூட்டுகள் மடங்கி எடையை வாங்கப் பழகும், தோள்கள் விடுபடும், உடலின் இரு பக்கமும் சமமாக இளகும். எந்த வலியும் இல்லாமல், நடந்தபடியே பாரத்தைப் பின்னுக்கு மாற்றும் வித்தை. இந்தக் கலைக்குக் கிடைத்த கண்டுபிடிப்புகளில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்ல முடியாது. உலகில் டிரெஸ்ஸாஜ் கற்பிக்கப்படும் இடங்களில் எல்லாம் இன்றும் இது அன்றாடப் பாடம்.

ஆனால் பிரான்ஸில் இந்தத் தொடர் அறுந்தது. கெரினியேர் பாடம் நடத்திய துயிலரிக் கூடத்தில்தான் 1789-இன் இறுதியில் புரட்சியின் தேசிய சபை வந்து அமர்ந்தது. மன்னராட்சி ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதும், பதினாறாம் லூயியை விசாரித்து மரண தண்டனை விதித்ததும் அந்தக் குதிரைக் கூடத்தில். வெர்சாய் அரண்மனைப் பள்ளியும் 1830-இல் மூடப்பட்டது. கெரினியேரின் நூலைப் பாடநூலாக ஏற்று, அறுபடாமல் காத்தது வேறொரு தலைநகரம்.

வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் அரண்மனையை ஒட்டிக் குதிரைப் பயிற்சிக்கு இடம் இருந்ததை 1565-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று சொல்கிறது; வியன்னாப் பள்ளியின் தொடக்கம் அது. 1572-இல் அது ஸ்பானியக் கூடம் என்று குறிக்கப்படுகிறது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த சவாரிக் குதிரைகள் அன்று ஸ்பெயினிலிருந்துதான் வந்தன. ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைப்பதைவிட உள்நாட்டிலேயே வளர்க்கலாம் என்று 1580-இல் ஆர்ச்டியூக் இரண்டாம் சார்ல்ஸ் ஒரு பண்ணை தொடங்கினார். இடம், இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் லிப்பிட்சா. கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புப் பாறைப் பீடபூமி அது. மண் மெல்லியது, புல் குறைவு, நீர் பாறைக்குள் ஓடி மறையும். அங்கே வளர்ந்த குதிரைகளின் எலும்பும் குளம்பும் உறுதிப்பட்டன. மெதுவாக முதிர்ந்து, நெடுநாள் வாழும் இனமாக அவை ஆயின. லிப்பிசானர் என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது.

இன்றுள்ள லிப்பிசானர்கள் அனைத்தும் 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த ஆண் குதிரைகளின் வழித்தோன்றல்கள். ப்ளூட்டோ, கான்வெர்சானோ, ஃபாவரி, நியாப்பொலிடானோ, சிக்லாவி, மேஸ்டோசோ என்று ஆறு மரபுவரிசைகளை வியன்னாப் பள்ளி போற்றுகிறது. 1765-இல் பிறந்த ப்ளூட்டோ டென்மார்க் அரசப் பண்ணையிலிருந்து வந்தது. 1767-இன் கான்வெர்சானோ நேப்பிள்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்புக் குதிரை. 1810-இல் பிறந்த சிக்லாவி அரபு இனம். ஒவ்வொரு ஆண் குட்டிக்கும் தந்தைவழிப் பெயரும் தாயின் பெயரும் சேர்த்துச் சூட்டப்படுவதால், பெயரைக் கேட்டாலே குலம் தெரிந்துவிடும். வெள்ளை நிறம் அரச வீட்டாரின் விருப்பம். அதைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில் மற்ற நிறங்கள் அருகிப்போயின. குட்டிகள் கறுத்தோ பழுப்பாகவோ பிறந்து, பெரும்பாலும் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில்தான் வெளுக்கின்றன. எப்போதாவது ஒன்று கடைசிவரை கருந்தவிட்டு நிறத்திலேயே நின்றுவிடும். அப்படி ஒரு குதிரையாவது பள்ளியில் இருப்பது நல்ல சகுனம் என்று இன்றும் வைத்திருக்கிறார்கள்.

பள்ளியின் இன்றைய கூடத்தைக் கட்டச் செய்தவர் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ். இளமையில் ஸ்பெயினின் அரியணைக்கு உரிமை கோரிப் போரிட்டுக் கிடைக்காமல் திரும்பியவர் அவர். கட்டடக் கலைஞர் யோசப் எமானுவேல் ஃபிஷர் ஃபொன் எர்லாஃக் 1729-இல் தொடங்கி 1735-இல் முடித்தார். 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். மாடங்களைத் தாங்க 46 தூண்கள். சுவரும் கூரையும் முழு வெள்ளை. தங்க முலாமும் கூரை ஓவியமும் நிறைந்த அந்தக் கால அரண்மனைகளோடு ஒப்பிட்டால் இந்த அடக்கம் வியப்பானது. கண்ணுக்குத் தப்பாமல் குதிரை மட்டுமே தெரிய வேண்டும் என்று யோசித்துக் கட்டியதுபோல் இருக்கிறது. அரச மாடத்தில் சார்ல்ஸின் ஓவியம் தொங்குகிறது. உள்ளே நுழையும் ஒவ்வொரு சவாரியாளரும் அதை நோக்கித் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டே பயிற்சியைத் தொடங்குகிறார்.

அந்தக் கூடத்துக்கும் அரசியல் வந்தது. 1743 ஜனவரியில், பிராக் நகரம் மீட்கப்பட்டதைக் கொண்டாட, சார்ல்ஸின் மகள் மரியா தெரேசா பெண்கள் மட்டுமே பங்கேற்ற விழாச் சவாரியை அங்கே நடத்தினார். தானே குதிரை மேல் முன்னால் வந்தார். 1848 புரட்சியில் ஆஸ்திரியாவின் முதல் அரசியலமைப்புச் சபை கூடுவதற்குப் போதிய பெரிய இடம் வேறு இல்லாமல் இந்தக் கூடத்தில்தான் கூடியது. ஹான்ஸ் கூட்லிஃக் என்ற இளம் உறுப்பினர் உழவர்களின் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் தீர்மானத்தை முன்வைத்தது இங்கே. பாரிஸில் நடந்ததற்கு மாறாக, வியன்னாவில் சபை கலைந்த பின் குதிரைகள் திரும்பி வந்தன.

இங்கே கற்றுத்தரப்படும் உச்சப் பயிற்சிகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. லெவாட் என்பதில் குதிரை பின்கால்களை ஆழ மடக்கி, முன்னுடலைத் தரையிலிருந்து ஏறக்குறைய 35 பாகைக்கு உயர்த்திச் சில நொடிகள் அசையாமல் நிற்கும். மிரண்டு செங்குத்தாக எழும் குதிரைக்கு வலு தேவையில்லை. இந்தத் தாழ்ந்த கோணத்தில் முழு எடையையும் மடங்கிய இரண்டு மூட்டுகளில் தாங்கி நிற்பதற்குத்தான் வலு வேண்டும். கூர்பெட்டில் முன்னங்கால் தரையில் படாமல் பின்கால்களிலேயே தாவித் தாவி முன்னேறும். கேப்ரியோலில் நாலு காலும் தரையை விட்டு எழுந்து, உச்சியில் உடல் கிடைமட்டமாக இருக்கும் கணத்தில் பின்கால்களை விசையோடு பின்னே உதறும். எல்லாக் குதிரைக்கும் இவை வராது. விளையாட்டில் எது எப்படித் துள்ளுகிறது என்று பார்த்து, அதற்கு இயல்பானதையே வளர்க்கிறார்கள்.

இவை எல்லாம் போர்க்களத்துக்காக உருவான தாக்குதல் உத்திகள் என்று வழிகாட்டிகள் விரும்பிச் சொல்வார்கள். நம்புவது கடினம். ஈட்டிக்காரர்கள் நடுவே வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பதற்கு எந்தத் தளபதி குதிரையைப் பழக்குவான்? பல ஆண்டு செலவழித்துச் சில குதிரைகள் மட்டுமே கற்கக்கூடிய ஒன்று படைக்கு உதவாது. அரசவை விழாக்களின் அழகுக்காக வளர்ந்தவை என்று கொள்வதே பொருந்துகிறது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இனத்துக்கு நேர்ந்த ஆபத்துகள் பல. நெப்போலியன் காலத்துப் போர்களில் லிப்பிட்சாவின் குதிரைகள் 1797, 1805, 1809 என்று மூன்று முறை ஊரைவிட்டு நடத்திச் செல்லப்பட்டன. முதல் உலகப் போர் முடிந்தபோது பேரரசே கலைந்தது, லிப்பிட்சா இத்தாலியின் கைக்குப் போனது. ஆஸ்திரியாவின் பங்காக வந்த குதிரைகளுக்கு ஸ்டைரியா மலைப்பகுதியில் பீபர் என்ற ஊரில் 1920-இல் பண்ணை அமைந்தது. பேரரசரும் அவர் விருந்தினரும் மட்டும் பார்த்ததைச் சீட்டு வாங்கி யாரும் பார்க்கலாம் என்ற நிலையும் அப்போதுதான் வந்தது.

எல்லாவற்றிலும் கொடிய ஆண்டு 1945. பள்ளியின் தலைவர் அலோயிஸ் போட்ஹைஸ்கி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜில் வெண்கலம் வென்றவர். வியன்னாவில் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஆண் குதிரைகளை வெளியேற்ற அனுமதி கேட்டார். வெள்ளைக் குதிரைகள் ஊரைவிட்டுப் போனால் நகரம் கைவிடப்பட்டதாக மக்கள் முடிவு கட்டிவிடுவார்கள் என்று நாஜி அதிகாரிகள் இழுத்தடித்தனர். மார்ச் மாதத்தில் ஒருவழியாக ரயில் பெட்டிகளில் ஏற்றி மேல் ஆஸ்திரியாவின் சங்க்ட் மார்ட்டினுக்குக் கொண்டுபோனார். அங்கே அகதிகள் பட்டினியில் இருந்தனர். குதிரை என்றால் இறைச்சி என்று பார்க்கும் காலம் அது.

அந்த ஊருக்கு அமெரிக்கப் படை வந்தது. அதன் தளபதி ஜார்ஜ் பேட்டன் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் குதிரையேற்றமும் அடங்கிய ஐந்து விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றவர். மே 7 அன்று, ஜெர்மனி சரணடையக் கையெழுத்திட்ட அதே நாளில், அவர் முன் குதிரைகள் ஆடின. முடிவில் போட்ஹைஸ்கி குதிரையை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி, பள்ளியை அமெரிக்கப் பாதுகாப்பில் ஏற்கும்படி கேட்டார். பேட்டன் எழுந்து நின்று ஏற்றார். உலகம் பற்றியெரியும்போது உடல்வலுவுள்ள ஆண்கள் குதிரைக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்ததை வினோதமாகவே பார்த்த மனிதர் அவர். ஆனாலும் இவ்வளவு உயரம் தொட்ட ஒரு கலையை அழியவிடுவது தவறு என்று தன் நாட்குறிப்பில் எழுதினார்.

ஆண் குதிரைகள் மட்டும் தப்பியிருந்தால் இனம் ஒரே தலைமுறையில் முடிந்திருக்கும். பெட்டைக் குதிரைகளையும் குட்டிகளையும் ஜெர்மானிய ராணுவம் 1942-இலேயே பீபரிலிருந்து செக் நாட்டின் ஹோஸ்டௌவுக்கு மாற்றியிருந்தது. சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியது. பண்ணையைக் காத்த ஜெர்மானிய அதிகாரிகளும் கால்நடை மருத்துவர்களும் எதிரிகளான அமெரிக்கர்களிடம் தாங்களே தூது அனுப்பினார்கள். கர்னல் சார்ல்ஸ் ரீடின் குதிரைப்படைப் பிரிவு, அப்போது அது கவச வண்டிகளில் போகும் படை, ஏப்ரல் 28 அன்று ஹோஸ்டௌவைக் கைப்பற்றியது. மே மாதத்தில் குதிரைகள் எல்லை தாண்டி பவேரியாவுக்கு ஓட்டிவரப்பட்டன. பள்ளி வெல்ஸ் நகரில் பத்தாண்டு தங்கிவிட்டு, ஆஸ்திரியா முழு விடுதலை பெற்ற 1955-இல் தன் வெள்ளைக் கூடத்துக்குத் திரும்பியது.

குதிரைகளைக் காப்பாற்றியதைப் போலவே முக்கியமானது சவாரியாளர்களும் உயிரோடு மிஞ்சியது. ஏனென்றால் இந்தப் பள்ளியில் பாடம் ஏட்டில் இல்லை. ஹோல்பைன், மைக்ஸ்னர் என்ற இருவர் 1898-இல் எழுதிவைத்த சுருக்கமான வழிகாட்டுக் குறிப்புகளையும் கெரினியேரின் நூலையும் தவிர மற்றது எல்லாம் வாய்மொழி, கைமொழி. புதிதாகச் சேரும் மாணவர் முதலில் வயது முதிர்ந்த குதிரையின் முதுகில் ஏற்றப்படுகிறார். அங்கவடி கிடையாது, கடிவாளமும் கையில் கிடையாது. ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக நடத்த, மாணவர் உட்காரக் கற்கிறார். மாதங்கள் இப்படியே போகும். இருக்கை பிசகினால் அந்தக் கிழட்டுக் குதிரை கேட்டதைச் செய்யாது, சரியாக அமர்ந்தால் செய்யும். அதுதான் திருத்தம், அதுதான் பாராட்டு. துணைச் சவாரியாளராகச் சில ஆண்டுகள், முழுச் சவாரியாளராக மொத்தம் பத்தாண்டு அளவு. இளங்குதிரை ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தானே பழக்கிக் காட்டினால்தான் அந்தப் பட்டம்.

குதிரைக்கும் அதே பொறுமை. பீபரிலிருந்து நாலு வயதில் வரும் ஆண் குதிரை முதல் ஆண்டு முழுவதும் நேராக, இயல்பாக முன்னே போகவே கற்கிறது. அடுத்த ஆண்டு வளைவுகளும் திருப்பங்களும் கெரினியேரின் தோள் பயிற்சியும். மூன்றாம் ஆண்டில் தொடங்கும் உயர்பாடம் முழுமை பெற இன்னும் மூன்று, நான்கு ஆண்டு ஆகும். சவாரியாளர் கையில் இருப்பது சீவிய பிர்ச் மரக்குச்சி. பழுப்பு நீளங்கியின் பின்புறத்து இரகசியப் பையில் இருப்பது சர்க்கரைக் கட்டி. குதிரைகள் இருபது வயதைத் தாண்டியும் கூடத்தில் வேலை செய்கின்றன. மற்ற சவாரிக் குதிரைகள் ஓய்ந்துபோகும் வயது அது.

பெண்களே விழாச் சவாரி நடத்திய அந்தக் கூடத்தில் பெண்களை மாணவராகச் சேர்க்க 2008 வரை ஆனது. அந்த ஆண்டு இருவர் சேர்ந்தார்கள். இத்தனை நூற்றாண்டு தாமதத்துக்கு நியாயம் எதுவும் சொல்ல முடியாது. இந்தப் பள்ளியின் குதிரையேற்ற மரபு 2015-இலும், லிப்பிசானர் வளர்ப்பு மரபு எட்டு நாடுகளின் கூட்டு உரிமையாக 2022-இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின.

கூடத்துக்கு வெளியே, பொறுமையா வலியா என்ற பழைய வழக்கு முடிந்தபாடில்லை. 1912 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் டிரெஸ்ஸாஜ், புள்ளிகளுக்கும் பரிசுகளுக்குமான போட்டி. குதிரையின் கழுத்தை வலுக்கட்டாயமாக மார்பை நோக்கி மடக்கிப் பழக்கும் முறையைச் சர்வதேசக் கூட்டமைப்பு 2010-இல் கண்டிக்க வேண்டிவந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் முன்பே, முன்பு தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீராங்கனை ஒருவர், பயிற்சியில் குதிரையின் கால்களைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளியானதால் விலகினார், ஓராண்டுத் தடையும் பெற்றார். வியன்னாப் பள்ளிக்கும் நெருக்கடி உண்டு. 2001-இல் அது அரசுக்குச் சொந்தமான தனி நிறுவனம் ஆக்கப்பட்டது. தீவனம், லாயம், சம்பளம் என்று செலவில் பெரும்பகுதியைச் சீட்டு விற்றே தேட வேண்டும். காட்சிகள் கூடினால் பயிற்சிக்கான காலை நேரம் குறையும் என்பதே அங்கு பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம். கூடத்தில் ஒரு காட்சி எண்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் கேப்ரியோல் தாவும் குதிரையைப் பழக்கியவருக்கு அந்தத் தாவல் ஆறு ஆண்டு உழைப்பு.